யார் ஒன்று, யார் இரண்டு

இரட்டையர் ஆய்வுப் பிரிவில் அவளை எல்லோரும் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதவியின் பெயர் புள்ளியியலாளர். அதைச் சொல்வதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது என்று நர்ஸ் ஒருநாள் இப்படிக் கூப்பிட்டு வைக்க, அது பேராசிரியர் வரைக்கும் ஒட்டிக்கொண்டது.

நாற்பத்தாறு வயது. பதினான்கு வயதிலிருந்து மாதத்துக்கு மூன்று நான்கு தடவை ஒற்றைத் தலைவலி. வந்துவிட்டால் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பக்கத்து வீட்டில் வெங்காயம் நறுக்கினால்கூட ஆகாது. மகள் பிறந்த வருடம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எதிலும் மனம் ஒட்டாமல், அழுகைக்குக் காரணமும் தெரியாமல், எட்டு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "எல்லாம் சும்மா இருக்கறதால வர்றது, எழுந்து நாலு வேலையப் பாரு" என்றுதான் வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். அதை அவள் மறக்கவே இல்லை. ஒற்றைத் தலைவலியும் மனச்சோர்வும் சேர்ந்து வருவதைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறோம் என்று பேராசிரியர் சொன்ன அன்றே, மற்ற வேலைகளையெல்லாம் தள்ளிவிட்டு இதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மறுநாளுக்கான சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார்: "அதுக்கு எதுக்கு இரட்டைப் பிள்ளைங்க? தலைவலிக்காரங்களப் பிடிச்சு மனசு எப்படி இருக்குன்னு கேட்டா போதாதா?"

"கேட்டா ரெண்டும் சேந்து வருதுன்னு தெரியும். ஏன் வருதுன்னு தெரியாது. தலைவலி தாங்காம மனசு விட்டுப் போகுதா, இல்ல ரெண்டுக்கும் அடியில ஒரே மரபணு இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"நீயே சொல்லு."

"ஒரே கருவுல பிரிஞ்சு பொறந்தவங்களுக்கு மரபணு எல்லாம் ஒண்ணு. ரெண்டு கருவா உருவாகிப் பொறந்தவங்க சாதாரண அக்கா தங்கச்சி மாதிரி, பாதிதான் பொது. இப்போ, அக்காவோட தலைவலிய வெச்சு தங்கச்சியோட மனசைச் சொல்ல முடியுதான்னு பாக்கணும். ஒரே கரு ஜோடியில நல்லா சொல்ல முடிஞ்சு, ரெண்டு கரு ஜோடியில அதுல பாதிதான் முடிஞ்சதுன்னா, ரெண்டு நோய்க்கும் அடியில ஒரே மரபணு ஓடுதுன்னு அர்த்தம்."

அவர் காலரைத் திருப்பிப் போட்டார். "அப்போ உனக்குத் தலை வலிச்சா உங்கக்கா அழணும்."

"எங்கக்கா தலை வலிக்காமயே அழுவா. அவளை விடுங்க."

மூன்றாவது வருடக் கடைசியில் கணக்கு வந்தது. வந்த எண்ணைப் பார்த்துப் பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஒரே கரு இரட்டையரில், ஒருத்தியின் தலைவலி அவளுடைய மனச்சோர்வைக் காட்டுவதைவிட அவள் கூடப்பிறந்தவளின் மனச்சோர்வை அதிகம் காட்டியது.

"யாருமே பாக்காத விஷயம் இது. நிதிக்குழு கூடறதுக்கு இன்னும் ஒம்பது வாரம் இருக்கு. சுருக்கத்தை இன்னைக்கே அனுப்பிடறேன். அங்க காட்டறதுல இதையே முதல் படமா வெச்சிடலாம்" என்றார்.

கணக்கக்கா தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். ஆனால் அந்த எண் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. தன் தலைவலி தனக்குப் பக்கத்தில் இல்லாமல் பிறத்தியாரிடம் போய் எப்படி நிற்கும்? மரபணு இருவருக்கும் ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும், ஒரே உடம்பு, ஒரே வாழ்க்கை என்கிற கூடுதல் நெருக்கம் தன்னிடம்தானே இருக்க வேண்டும்? வருடம் வருடமாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தாள். முதல் இரண்டு வருடங்களில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் வருடத்தில் மட்டும் தலைகீழ். அந்த வருடம் வந்தவர்களின் மரபணுவா மாறிவிட்டது?

மறுநாள் காலை அவள் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. முதல் மாடி வராந்தாவில், பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். எதிரெதிரே இரண்டு அறைகள். மூன்றாம் அறையில் நர்ஸ். தலைவலி பற்றிக் கேட்டு, ரத்தம் எடுப்பவர். ஐந்தாம் அறையில் மனநலக் கேள்விகள் கேட்கும் பெண். அவள் மூன்றாம் வருடத் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். ஒரு வருடமாகியும், இன்னும் எல்லோருக்கும் அவள் புதுப்பொண்ணுதான்.

ஒன்பதரைக்கு ஒரு ஜோடி வந்தது. முப்பது வயதுப் பெண்கள், அச்சில் வார்த்த மாதிரி. நர்ஸ் கதவைத் திறந்து, "உங்கள்ல மூத்தவங்க யாரு? அவங்க முதல்ல வாங்க" என்றார்.

"இவதான். நாலு நிமிஷம் முன்னாடி பொறந்துட்டு முப்பது வருஷமா அதிகாரம் பண்றா" என்று இளையவள் அக்காவைப் பிடித்து உள்ளே தள்ளினாள். நர்ஸ் தாளில் ஒன்று என்று எழுதினார்.

இளையவள் தனியாக நின்றாள். ஐந்தாம் அறைக் கதவு திறந்தது. "சும்மா ஏன் நிக்கறீங்க? நீங்க இங்க வந்துடுங்க" என்று புதுப்பொண்ணு கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவளும் தாளை எடுத்தாள். ஒன்று என்று எழுதினாள்.

கணக்கக்கா எழுந்து போய், திறந்திருந்த கதவு வழியே அந்த எண்ணை இன்னொருமுறை பார்த்தாள். மூத்தவளின் தலைவலியும் இளையவளின் மனசும் ஒரே எண்ணில் ஏறிவிட்டன. வருடம் முழுக்க இப்படித்தான் நடந்திருக்கிறது.

அந்தப் பெண்கள் போனபிறகு ஐந்தாம் அறைக்குப் போனாள். "யாருக்கு ஒண்ணு, யாருக்கு ரெண்டுன்னு எத வெச்சுப் போடற?"

"முதல்ல வர்றவங்களுக்கு ஒண்ணு. ஏன்க்கா?"

"மூத்தவங்களுக்கு ஒண்ணுன்னு உனக்கு யாரும் சொல்லலையா?"

புதுப்பொண்ணுக்கு முகம் வெளுத்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவினாள். "இதத்தான்க்கா எனக்குக் குடுத்தாங்க. இதுல அப்படி எதுவும் இல்லையே."

அந்தத் தாளைக் கணக்கக்காவுக்கு நன்றாகத் தெரியும். பழைய வழிமுறை இரண்டு பக்கம் இருந்தது. யாரும் படிப்பதில்லை என்று அவள்தான் ஒரு பக்கமாகச் சுருக்கியிருந்தாள். சுருக்கியதில் அந்த ஒரு வரி விழுந்துவிட்டது. நர்ஸ் பழைய ஆள், அவருக்குப் பழைய இரண்டு பக்கமும் மனப்பாடம். இவளுக்கு எப்படித் தெரியும்?

"எங்கேயும் எழுதலையேக்கா" என்றாள் புதுப்பொண்ணு, குரல் உடைய.

"எழுதல. எழுத வேண்டியவ நான். நீ அழாத. அழறதுக்கு இப்ப நேரமும் இல்ல."

பேராசிரியரிடம் வெறுங்கையோடு போக அவள் விரும்பவில்லை. மூன்றாம் வருடத்தில் மொத்தம் நானூற்றி இரண்டு ஜோடி. ஐந்தாம் அறைத் தாள்களில் பெயர் கிடையாது. பெயரின் முதலெழுத்து, வேலை, படிப்பு, பிள்ளைகள் எத்தனை, அவ்வளவுதான். முழுப் பெயரும் யார் மூத்தவர் என்பதும் பதிவேட்டில் இருந்தன. முதலெழுத்து வேறு வேறாக இருந்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும். ஆனால் இரட்டைப் பிள்ளை பிறந்தால் பெற்றவர்களுக்கு என்னதான் ஆசையோ, பாதிப் பேருக்கு மேல் ஒரே எழுத்தில்தான் பெயர் வைத்திருந்தார்கள். அவளும் புதுப்பொண்ணும் இரண்டு நாள் உட்கார்ந்து நூற்று அறுபத்தெட்டு ஜோடியைப் பிரித்தெடுத்தார்கள். நூற்று முப்பத்தொன்று மாறியிருந்தது. முப்பத்தேழு சரியாக இருந்தது.

பேராசிரியர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எனக்கு அந்த எண் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு" என்றார்.

"எனக்குத் தெரியும் சார்."

"முக்கால்வாசி மாறியிருக்குன்னா, மொத்தத்தையும் திருப்பிப் போட்டுட்டா என்ன?"

"சரியா இருக்கறவங்களை நம்ம கையாலயே தப்பாக்கின மாதிரி ஆயிடும்."

"மூணாவது வருஷத்தையே தூக்கிட்டா?"

"மிச்சம் நூத்தி எழுபது ஜோடி. அதுல ரெண்டு கரு ஜோடி அம்பத்தி மூணு. அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார். மீதி இருநூத்தி முப்பத்தி நாலு ஜோடிக்கும் போன் போட்டுக் கேக்கறேன். அன்னைக்கு என்ன வேலை பாத்தீங்க, எத்தனை வருஷம் படிச்சீங்க, எத்தனை பிள்ளைங்க. தாளோட ஒத்துப் பாத்தா யாரோடதுன்னு தெரிஞ்சுடும்."

"அதுக்கு நெறிமுறைக் குழு அனுமதி வேணும்."

"மனு எழுதிட்டேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

அனுமதி வர இரண்டு வாரம் போனது. மீதி ஏழு வாரம் இருக்க, கிடங்கு அறை ஒன்றை ஒழித்து இரண்டு மேசையும் இரண்டு போனும் போட்டுக்கொண்டார்கள். விதி ஒன்றுதான்: தாளில் இருப்பதை யாருக்கும் படித்துக் காட்டக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். ஒருவர் சொன்னது மற்றவர் காதுக்குப் போய்விடக் கூடாது.

பகலில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் கடன் கொடுக்கிற கம்பெனி என்று நினைத்து வைத்துவிடுவார்கள். "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதாங்க, எதுல போட்டா என்ன?" என்றவர்களே பத்துப் பேராவது இருப்பார்கள். முடிதிருத்தும் சகோதரர்கள் இருவர். ஒரே கடை, ஒரே வேலை, படிப்பும் ஒன்றுதான். "சேந்தே போனோம், சேந்தே பெயிலானோம்" என்றார் ஒருவர். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டபோது, "எனக்கு ரெண்டு, அவனுக்கு மூணு. என் வாழ்க்கையிலயே அவன் என்னை ஜெயிச்ச ஒரே இடம் அதுதான்" என்று சிரித்தார். அந்த ஜோடி தீர்ந்தது. நடுவில் இரண்டு நாள் கணக்கக்காவுக்குத் தலைவலி வந்தது. ஜன்னலுக்கு அட்டையை ஒட்டி, நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி போன் பேசினாள். வீட்டுக்குப் போங்கக்கா என்று புதுப்பொண்ணு சொன்னது காதில் ஏறவே இல்லை.

இரண்டாவது வாரத்தில் ஒரு ஜோடி. அக்கா தங்கை, ஒரே கரு, இருவர் பெயரும் ஒரே எழுத்து. அக்காவின் போன் எண் வேலை செய்யவில்லை. தங்கையின் எண்ணைப் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"நீங்க கேக்கறவ இல்லீங்க. நான் அவளோட அக்கா. அவ போய் எட்டு மாசம் ஆச்சு, நெஞ்சு வலியில. என் போன் உடைஞ்சதுலேர்ந்து இதத்தான் வெச்சிருக்கேன்."

கணக்கக்கா வருத்தம் சொன்னாள், இன்னொரு நாள் பேசுகிறேன் என்றாள். அந்தப் பெண் விடவில்லை. "பரவால்லீங்க, கேளுங்க. அவளைப் பத்திக் கேக்க இப்ப யாருமே கூப்பிடறது இல்ல."

கேட்டாள். அக்காவுக்குத் தையல் வேலை, பத்து வருடப் படிப்பு. தங்கை வங்கியில் இருந்தவள், பட்டம் வாங்கியவள். தாள்கள் இரண்டும் கணக்கக்காவின் முன்னால் விரிந்து கிடந்தன. இரண்டு என்று எண் போட்ட தாளில் தையல் என்று எழுதியிருந்தது. அந்தத் தாளின் மதிப்பெண் இருபத்து நான்கு. இருபதைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து கடிதம் போகும்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் தையல்காரி. "உங்க இடத்துலேர்ந்து அவளுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. மனசு சோர்ந்து போயிருக்கிற மாதிரி தெரியுது, டாக்டரைப் பாருங்கன்னு. அன்னைக்கு ரெண்டு பேரும் அதைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சோம். அவ சிரிச்சா தெருவே திரும்பிப் பாக்கும். ஆனா அவ போனப்புறம் அந்த லெட்டரை எடுத்து எடுத்துப் பாக்கறேங்க. உள்ளுக்குள்ள எதையோ வெச்சுக்கிட்டு எங்கிட்ட சொல்லாமலே போயிட்டாளா? கூடவே பொறந்தவ எனக்கே தெரியலையா?"

கணக்கக்காவின் பேனா நின்றுவிட்டது. இத்தனை நாளும் அவள் எண்களைத்தான் யோசித்திருந்தாள். கடிதங்கள் போவதும் அதே ஒன்று, இரண்டை வைத்துத்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. பதிவேட்டில் இரண்டு என்றால் தங்கை. தங்கை பெயருக்கே கடிதம் போயிருக்கிறது.

ஒருவருடையதை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது. ஆனால் அவரவருடையதை அவரவருக்குச் சொல்லலாம். அந்த இடைவெளியில் காலை ஊன்றிக்கொண்டு பேசினாள்.

"அம்மா, இங்க எண்ணை மாத்திப் போட்டுட்டோம். தப்பு என்னோடது. அந்த லெட்டர் உங்களுக்கு வந்திருக்க வேண்டியது."

மறுமுனையில் தையல் மெஷின் சத்தம் நின்றது. கூட வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களை அவள் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

"அப்போ அவளுக்கு?"

"அவங்களோடதைப் பத்தி நான் பேச முடியாதும்மா. ஆனா அந்த லெட்டர் அவங்களோடது இல்ல."

அந்தப் பெண் அழுதாள். கணக்கக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஆமா. எனக்குத்தான். அப்பவே எனக்குத்தான். அவ நல்லாத்தான் இருந்தா." கொஞ்சம் பொறுத்து, "தலைவலி வேற சின்ன வயசுலேர்ந்து. அதையாவது என் பேருல சரியா எழுதியிருக்கீங்களா?" என்றாள்.

"அது சரியா இருக்கும்மா. நாளைக்கே டாக்டரைப் பாக்க நேரம் வாங்கித் தர்றேன். வருவீங்களா?"

"வர்றேன்" என்றாள்.

போனை வைத்ததும் கணக்கக்கா நேரே பேராசிரியரின் அறைக்குப் போனாள். மூன்றாம் வருடம் போன கடிதங்கள் ஐம்பத்தேழு. அந்த ஜோடிகளை முதலில் பார்த்து முடிக்க வேண்டும், அதுவரை ஆய்வுக் கணக்குக்குத் தேவையான மற்ற ஜோடிகளைத் தொடக்கூடாது என்றாள்.

"குழு கூடறதுக்கு அஞ்சே வாரம் இருக்கு. இதுல பத்து நாள் போயிடும்" என்றார் அவர்.

"போகட்டும் சார்."

"கணக்கு முடியலைன்னா அங்க போய் என்ன சொல்றது?"

"முடியலைன்னு சொல்லலாம். மனசு தாங்காம இருக்கறவங்க லெட்டர் வராம வீட்டுல கெடக்கறாங்க சார். நானே அப்படி எட்டு மாசம் கெடந்திருக்கேன், அதனால சொல்றேன்." அவள் நாற்காலியில் உட்காரவில்லை. ஒற்றைக்காலில் நிற்பது என்பார்களே, அப்படித்தான் நின்றாள்.

பேராசிரியர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கிடங்கு அறைக்கு இறங்கி வந்து, மூன்றாவது மேசையைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கும் ஒரு லிஸ்ட் குடுங்க" என்றார். அவருக்குப் போனில் பேசத் தெரியவில்லை. வணக்கம் சொன்ன கையோடு ஆய்வின் வரலாற்றை ஆரம்பித்துவிடுவார். புதுப்பொண்ணுதான் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்து, "இத மட்டும் சொல்லுங்க சார்" என்றாள். அதற்கப்புறம் தேறிவிட்டார்.

ஐம்பத்தேழில் முப்பத்தைந்து கடிதம் ஆள் மாறிப் போயிருந்தது. முப்பத்து நான்கு பேரை எப்படியோ பிடித்துவிட்டார்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர் வழக்குப் போடுவேன் என்றார், நான்கு நாள் கழித்து அவரே கூப்பிட்டு மருத்துவரின் முகவரி கேட்டார். வீடு மாறிப் போன ஒரே ஒருவரின் தடம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தப் பெயரைக் கணக்கக்கா தன் மேசை விளிம்பில் ஒட்டி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை தேடிக்கொண்டே இருந்தாள்.

மீதி ஜோடிகள் முடிந்தபோது குழு கூட மூன்று நாள் இருந்தது. ஆறு ஜோடியை மட்டும் எந்த வகையிலும் பிரிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். அன்று மாலை கணக்கை ஓட்டினாள். இந்த முறை எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஒருத்தியின் தலைவலி எல்லாவற்றையும்விட அவளுடைய மனசோடுதான் நெருக்கம். அடுத்தபடியாக, ஒரே கருவில் பிறந்தவளின் மனசோடு. இரண்டு கருவாகப் பிறந்தவளோடு அதில் பாதிக்கும் குறைவு. இரண்டு நோயும் சேர்ந்து வருவதில் பாதிக்குச் சற்று மேல் இரண்டுக்கும் பொதுவான மரபணுக்களின் வேலை. மிச்சம் அவரவர் வாழ்ந்த வாழ்க்கை. யாரும் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிற அளவுக்குப் பெரிய செய்தி அல்ல. ஆனாலும் அவள் அந்தத் திரையை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்து நாலு வேலையைப் பார் என்று சொன்னவர்களையெல்லாம் வரிசையாக உட்கார வைத்து இதைக் காட்ட வேண்டும் போலிருந்தது.

குழுவின் முன்னால், நடந்த தவறை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று கேட்டிருந்தாள். பேராசிரியர் அப்படியே செய்தார். குழுவில் ஏழு பேர். நடுவில் இருந்த தலைவி தாள்களைப் புரட்டிவிட்டு, "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அனுப்பின சுருக்கத்துல இருந்ததைவிட இது ரொம்பச் சின்னதா இருக்கே" என்றார்.

பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். கணக்கக்கா எழுந்தாள்.

"சின்னதுதாங்க மேடம். ஆனா இப்ப அவங்கவங்க தலைவலி அவங்கவங்க வீட்டுல இருக்கு. போன தடவை பக்கத்து வீட்டுல இருந்துச்சு."

இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. தவறை யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றாள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றதற்கு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன் என்றாள். தலைவி அதைக் குறித்துக்கொண்டார்.

மூன்று வருடத்துக்குக் கேட்டிருந்தார்கள். ஒன்றரை வருடத்துக்குத்தான் கிடைத்தது. அதற்கும் ஒரு நிபந்தனை: வெளியிலிருந்து ஒருவர் வந்து எல்லா எண்களையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். பேராசிரியர் படிக்கட்டில் இறங்கும்போது சோர்ந்துதான் போயிருந்தார்.

"முதல் ரெண்டு வருஷத்தையும் சேத்துப் பாக்கச் சொல்றாங்க" என்றார். "அது சரியாத்தானே இருக்கு?"

"இருக்கும்னுதான் நானும் நெனைக்கறேன் சார். ஆனா நெனைச்சுட்டு விட முடியாது. முந்தாநாளே தாள்களை எடுத்து வெச்சுட்டேன். முதல் நாப்பது ஜோடி பாத்தாச்சு."

"எப்படி இருக்கு?"

"நாப்பதும் சரி. இன்னும் நூத்தி முப்பது இருக்கு."

அவர் தலையசைத்தார். ஆய்வுப் பிரிவு வாசலில் வீட்டுக்காரர் இன்னும் சீருடையோடு நின்றிருந்தார். அவரிடம் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவள் மீதித் தாள்களைப் பார்க்க உள்ளே போனாள்.